புதுப்பிப்பு: நாகர்கோவிலில் இருந்தபடி பிரெஞ்சு, எது கைகொடுத்தது

இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்த முதலாண்டு மாணவர்களுக்குக் காசு செலவில்லாமல் காது பழக என்ன வழி என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஆர்எஃப்ஐ என்ற பிரான்சு நாட்டு வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி தொடக்கத்தில் எடுபடவில்லை. எளிமை பெயரில்தான்; அந்த 10 நிமிடத்தைத் தொடர பி1 நிலையாவது வேண்டும் (மொழித்திறனை ஏ1 தொடக்கநிலை, ஏ2, பி1, பி2 என்று ஏறுவரிசையில் பிரிப்பார்கள்; பி1 இடைநிலை). கைகொடுத்தது டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இணையதளம். இலவசப் பயிற்சிகள், ஏ1 முதல் பி2 வரை பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஏ1 காணொளியை எழுத்துவடிவம் பார்க்காமல் இரண்டு முறை கேட்கணும், பிறகு பார்த்துக்கொண்டே ஒரு முறை. வரிசை மாறினால் கண் படித்துவிடும், காது தூங்கிவிடும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் மூன்றுக்கும் பிரெஞ்சில் எழுத்து வேறு வேறு. காதில் விழுவது 'பார்ல்' மட்டும்தான்.

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்படி அடுக்கியிருந்தால், பிரெஞ்சு மொழிக்கு 440-க்குப் போங்கள். அகராதி 443, இலக்கணம் 445. இலக்கியம் மட்டும் தள்ளி 840-ல் கிடக்கும்.

எதிர்பாராத சிக்கல் எழுத்தின் மேல் வரும் குறிகள். கைப்பேசியில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் ஆங்கில 'இ' (e) எழுத்தை அழுத்திப் பிடித்தாலே அதன் மேல் வரும் குறிகள் எல்லாம் வரும், தனி விசைப்பலகை வேண்டாம். சோம்பல்பட்டு விட்டால் பொருளே மாறும்: 'பெஷர்' என்ற சொல்லில் முதல் 'இ' மேல் கூரைக்குறி இருந்தால் மீனவர், வெறும் சாய்கோடு என்றால் பாவி. குளச்சல் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஜாக்கிரதை!