அலையாத்தியா, நெல்லா? பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் மண்கரையை எங்கே போடுவது?

பியாப்போன் விவசாயி:
எங்கள் ஊரில் உப்புத்தண்ணீரைத் தடுக்கும் மண்கரையான கட்டைப் புதுப்பிக்கப் பேச்சு நடக்கிறது. கட்டுக்கு வெளியே கிடக்கும் சேற்று நிலத்தில் அலையாத்தி மரம் நட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கட்டைத் தள்ளிப் போட்டு அதையும் வயலாக்க வேண்டும் என்பது என் கட்சி. 1852-இல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். அதை வயலாக்கியதில் செட்டியார் கொடுத்த கடனும் இருக்கிறது, கப்பலேறி வந்த நம் ஜனங்களின் உழைப்பும் இருக்கிறது. 1930-களில் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இது. திரும்பக் காடாக்கவா அவ்வளவு பாடுபட்டார்கள்?

லபுட்டா மருமகள்:
அண்ணே, 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது கட்டு என்ன செய்தது? கடல் அதன் மேலேறி உள்ளே வந்தது. செத்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்துச் சுமார் 1,38,000 பேர். எங்கள் பக்கம் குடிதண்ணீரே மழைநீர்க் குளம்தான். அந்தக் குளங்களில் கடல்தண்ணீர் நிறைந்துவிட்டது. பம்பு வைத்து இறைத்து, அடிச்சேற்றை வாரிப் போட்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கழிமுகத்தில் 1978-இல் 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த அலையாத்தி, 2011-இல் சுமார் 940-ஆகக் குறைந்துபோனது. பெரும்பகுதி வயலுக்காகத்தான் அழிந்தது. காடு புயலை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. அலையின் வேகத்தைக் குறைக்கும், உங்கள் கட்டும் பிழைக்கும்.

பியாப்போன் விவசாயி:
கரி மூட்டம் போட்டவர்களை விட்டுவிட்டீர்களே தங்கச்சி. ரங்கூன் அடுப்புக்கு வந்த கரி எந்தக் காட்டு மரம்? பழியை எல்லாம் நெல்லின் மேல் போடாதீர்கள். கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்ததும் உப்பு மேலேறி வருகிறது. கட்டு இல்லாமல் கோடை நெல்லை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

போகலே வலைக்காரர்:
இரண்டு பேரும் கட்டில் இருக்கும் மதகை மறந்துவிட்டீர்கள். கோடையில் மூடுவது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகி, நல்ல தண்ணீரோடு வண்டலும் மீன்குஞ்சும் வரும்போதும் மூடியே வைப்பது என்ன நியாயம்? வண்டல் முழுக்க மதகுக்கு வெளியே ஓடையிலேயே படிகிறது. ஓடை தூர்ந்தால் வயல் தண்ணீர் எந்த வழியாக வடியும்? அழுகப்போவது உங்கள் நாற்றுத்தான் ஐயா. உள்ளே வண்டல் ஏறாததால் வருஷா வருஷம் நிலம் உயர்வதும் நின்றுவிட்டது. வாய்க்காலில் மீன் இல்லை என்றால் நிலமில்லாத குடும்பம் கஞ்சிக்கு எதைத் தொட்டுக்கொள்ளும்? அலையாத்தி வேரடியில்தான் நண்டு வளர்கிறது, அதுவும் அவர்கள் பிழைப்பு.

பியாப்போன் விவசாயி:
திறந்துவிட்டு மறந்துபோனால் ஒரே கடல் ஏற்றத்தில் உப்பு உள்ளே வந்துவிடும். யார் பொறுப்பு?

லபுட்டா மருமகள்:
திறப்பதற்கு முன் ஒரு கை அள்ளி வாயில் விட்டாலே கரிக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

போகலே வலைக்காரர்:
இப்போது மதகுச் சாவி வயல்காரர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கமிட்டியில் நிலமில்லாத வீட்டிலிருந்தும் ஆள் வேண்டும். எந்த நாள் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்று கூடிப் பேசி முடிவு செய்யலாம். நாங்களும் காவல் இருக்கிறோம்.

பியாப்போன் விவசாயி:
கமிட்டிக்குச் சரி. அடுத்த கூட்டத்தில் நானே சொல்கிறேன். ஆனால் கட்டைத் தள்ளிப் போடும் பேச்சை நான் விடப்போவதில்லை.