ஹாலோவீனுக்குக் காகித அலங்காரம்: மழைக்குத் தாங்குமா?

கேட்டவர்: கோவைப்பொண்ணு

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். அபார்ட்மென்டிலிருந்து டவுன்ஹவுசுக்கு மாறிய பிறகு வரும் முதல் ஹாலோவீன் இது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. தெருவில் பல வீடுகளில் காற்றடைத்த பேய்களும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளும் வந்துவிட்டன. எனக்கு அவற்றை வாங்க மனமில்லை. மகளோடு உட்கார்ந்து காகிதத்திலேயே செய்ய ஆசைப்படுகிறேன். ஊரில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கலர் பேப்பர் தோரணம் செய்து பழகிய கைதான்.

ஆனால் இங்கே அக்டோபர் கடைசியில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சுவரில் ஆணி அடிக்க எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் விடாது. வாசலுக்கு மேல் சின்னக் கூரை இருக்கிறது, தெருவைப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. என்ன தாள் வாங்குவது, எங்கே ஒட்டினால் நிற்கும்? சின்னவன் மண்டை ஓட்டைப் பார்த்தாலே அழுகிறான், அதனால் ரொம்பப் பயமுறுத்தவும் கூடாது. செய்து பழகியவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: கத்தரியும் தாளும்

தெருவைப் பார்த்த ஜன்னல் இரண்டு இருக்கும்போது காகிதத்தை ஏன் வெளியே கொண்டுபோக வேண்டும்? கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். அக்டோபர் 31 அன்று உங்கள் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். குழந்தைகள் மிட்டாய் கேட்டு வரும் நேரத்தில் அறை விளக்கைப் போட்டு வைத்தால், கறுப்புத் தாளில் வெட்டிய உருவம் நடைபாதையிலிருந்தே பளிச்சென்று தெரியும். மழையும் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. நான் பாஸ்டனுக்கு மேற்கே இருக்கிறேன், என் வீட்டு அலங்காரம் முழுக்க ஜன்னலில்தான்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் மலிவு. ஆனால் வெயில் படும் ஜன்னலில் அதன் கறுப்பு சீக்கிரம் வெளிறிப்போகும். 65 பவுண்டு என்று போட்ட கறுப்பு கார்ட்ஸ்டாக் (கெட்டியான அட்டைத் தாள்) வாங்குங்கள், ஏறக்குறைய 176 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 176 கிராம்) வரும். ஏழு வயதுக் கைக்கும் கத்தரி சுலபமாக ஓடும், ஒட்டிய பிறகு துவளாது. பெரிய மரம், பெரிய வீடு என்றால் டாலர் கடையில் கிடைக்கும் கறுப்பு போஸ்டர் போர்டு போதும்.

உருவங்களைப் பக்கவாட்டில் வரையுங்கள். முதுகை வளைத்து வாலைத் தூக்கிய பூனை, கூர்தொப்பி போட்ட சூனியக்காரி, கிளையில் ஆந்தை, எல்லாம் விளிம்பை வைத்தே அடையாளம் தெரிய வேண்டும். நேரே பார்க்கும் முகத்தை வரைந்தால் தூரத்தில் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். பூனையின் கண், பூசணியின் வாய், பாழடைந்த வீட்டின் ஜன்னல்கள், இந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் ஆரஞ்சு டிஷ்யூ பேப்பர் (பரிசு சுற்றும் மெல்லிய தாள்) ஒட்டுங்கள். இரவில் அங்கே மட்டும் நெருப்பு நிறம் ஒளிரும். என் ஜன்னலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

டிஷ்யூவைக் கண்ணாடியில் நேரடியாக ஒட்ட வேண்டாம். குளிர்ந்த காலையில் கண்ணாடியின் அடியில் நீர் கோக்கும், ஈரம் பட்டால் டிஷ்யூவின் சாயம் இறங்கும். கறுப்புத் தாளின் மேல் ஒட்டி, கண்ணாடியின் அடியில் இரண்டு விரற்கடை இடம் விட்டு மாட்டுங்கள். பெயிண்டர்ஸ் டேப் பயன்படுத்தினால் உரிக்கும்போது கறை நிற்காது.

சிலந்தி வலையை மகளிடமே விட்டுவிடுங்கள், நம் ஊர்க் கலர் பேப்பர் வெட்டும் அதே வேலைதான். சதுரத் தாளைக் குறுக்காக மடித்து முக்கோணமாக்கி, அதைப் பாதியாக, மறுபடி பாதியாக என்று மொத்தம் நான்கு மடிப்பு மடிக்க வேண்டும். தாளின் நடுப்புள்ளி ஒரு கூர்முனையில் வந்து நிற்கும், அந்த முனையை வெட்டக்கூடாது. ஒரு பக்க மடிப்பின் ஓரமாக மெல்லிய பட்டை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வளைவு வளைவாக வெட்டி எடுத்தால் எட்டு இழை கொண்ட வலை விரியும். கார்ட்ஸ்டாக்கில் நான்காவது மடிப்பு படியாது. இதற்கு மட்டும் மெல்லிய கறுப்புத் தாள் தேவை.

வாசல் கதவு கூரைக்குக் கீழே இருப்பதால் அங்கே வௌவால் விடலாம். தாளை இரண்டாக மடித்துப் பாதி வௌவாலை வெட்டி விரித்து, ஒவ்வொரு சிறகிலும் ஒரு மடிப்பு கொடுங்கள். டேப்பை உடம்பில் மட்டும் ஒட்டினால் சிறகுகள் கதவை விட்டு எழுந்து நிற்கும். சிறியது கீழே, பெரியது மேலே என்று ஒரு மூலையிலிருந்து கிளம்பிப் பறப்பதுபோல் ஒட்டுங்கள்.

இன்னொன்று. காகிதம் என்றால் மட்டம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது நினைத்தால் கவலைப்படாதீர்கள். இந்த நாட்டில் ஹாலோவீன் அலங்காரம் வளர்ந்ததே காகிதத்தில்தான். எங்களுக்குப் பக்கத்து ஊரான ஃப்ரேமிங்ஹாமில் டென்னிசன் கம்பெனி கிரேப் பேப்பர் (சுருக்கம் விழுந்த மெல்லிய கலர்த் தாள்) செய்தது. அதை விற்பதற்காகவே 1909இல் ஹாலோவீன் யோசனைகளுக்கென்று ஒரு சிறு புத்தகம் போட்டு, பிறகு 1930கள் வரை புதிது புதிதாக வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஷிப்பன்ஸ்பர்க் ஊரின் பைஸ்டில் கம்பெனி, விரித்தால் தேன்கூடுபோல் உப்பும் டிஷ்யூ பூசணிகளையும் மூட்டு அசையும் அட்டை எலும்புக்கூடுகளையும் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காலத்துத் தாள் அலங்காரங்களை இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பதில்: ஸ்காபரோ அக்கா

தங்கச்சி, அந்த வாசல் கூரையில் ஒரு கூடு, அதாவது தாளில் செய்த விளக்குக் கூண்டு, தொங்கவிடுங்கோ. நான் கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்தவள். மே மாதப் பௌர்ணமியில் வரும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு வீதி முழுக்க வெசாக் கூடு தொங்கும், அயலுக்குள் சிங்களப் பிள்ளைகளோடு இருந்து நாங்களும் கட்டுவோம். அந்தக் கை இப்போது ரொறன்ரோவில் ஹாலோவீனுக்கு உதவுகிறது.

இங்கே மூங்கில் ஈர்க்கு தேடத் தேவையில்லை. பார்பிக்யூவுக்கு விற்கும் மூங்கில் குச்சிகளின் கூர் நுனியை வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுங்கோ. நான்கு நான்காகக் கட்டி ஆறு சதுரம் செய்யவேணும். பிறகு சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்து நூலால் கட்டினால் இடையில் எட்டு முக்கோணம் தானாகவே வரும். சதுரங்களுக்கு ஆரஞ்சு ரிஷ்யூ, முக்கோணங்களுக்குக் கறுப்பு. ஒரு சதுரத்தில் பூசணியின் கண்ணையும் வாயையும் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டினால் முகம் வந்துவிடும். கீழே ரிஷ்யூவைச் சன்னமான கீற்றாக வெட்டி வால் விடுங்கோ, காற்றில் ஆட வடிவாக இருக்கும். அடியில் ஒரு சதுரத்தை மூடாமல் விட்டால் பட்டரி விளக்கை உள்ளே வைக்கலாம்.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அன்று முகம் ஒட்டாத கூடுகளை வாசலின் ஒரு பக்கமும் முகம் ஒட்டியவற்றை மறுபக்கமும் தொங்கவிட்டேன். மிட்டாய்க்கு வந்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பதில்: டெலவேர்வாசி

மேலே சொன்ன எல்லாவற்றிலும் பேட்டரி விளக்கு மட்டும் போடுங்கள். டிஷ்யூ, கிரேப் இரண்டும் நெருப்பு பட்ட நொடியில் பற்றும், அன்று வாசலுக்கு வருகிற குழந்தைகள் தொளதொள உடையில் இருப்பார்கள். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நீலப்பச்சைத் தாளில் ஒரு பூசணியையும் வெட்டிக் கதவில் ஒட்டுங்கள். மிட்டாய் தவிர வேறு பரிசும் இந்த வீட்டில் உண்டு என்பதற்கு அது அடையாளம். உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் அமைப்பு 2014இல் நாடு முழுக்கப் பரப்பிய வழக்கம் இது. என் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. அந்த நிறப் பூசணியைப் பார்த்தால் எங்களை முந்திக்கொண்டு ஓடுவான். பென்சில், ஸ்டிக்கர், சின்ன நோட்டு எதுவானாலும் சந்தோஷம்தான். இது ஒட்டாத வீட்டை நான் குறை சொல்லவில்லை, ஒட்டினால் என் மகன் மாதிரிப் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

கேட்டவர்: கோவைப்பொண்ணு

ரொம்ப நன்றி. நீலப்பச்சைப் பூசணி பற்றி இதுவரை தெரியாது, கட்டாயம் ஒட்டுகிறேன். அக்கா, கூட்டை இந்த சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம். சின்னவனையும் எதிலாவது சேர்த்துக்கொள்ள முடியுமா? கத்தரி கொடுக்க முடியாது.

பதில்: கத்தரியும் தாளும்

அவனுக்கு அசையும் பூனை செய்து கொடுங்கள். உடம்பு, தலை, வால், நான்கு கால் என்று கார்ட்ஸ்டாக்கில் நீங்கள் தனித்தனியாக வெட்டுங்கள். மூட்டுகளில் துளை போட்டு, பின்பக்கம் இரண்டாக விரித்து மடக்கும் பித்தளைப் பின்களைக் குத்திவிட்டால் காலும் வாலும் சுற்றும். அந்தப் பின்களை நீங்களே குத்துங்கள், டப்பாவையும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணுக்கும் மீசைக்கும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை அவனுடையது. அவன் கைக்கு எட்டும் உயரத்தில், ஜன்னலின் கீழ்ப்பக்கத்தில் அதை ஒட்டுங்கள். தினமும் வாலைத் திருப்பி வைப்பான்.