ஹைப்போவைத் துளிகூட விடாமல் நீக்கினால்தான் பிரிண்ட் நிலைக்குமா?

இருட்டறை_மாணவன்:
வணக்கம். ஆறு மாதமாக ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத நார்க் காகிதம்) கருப்பு வெள்ளை பிரிண்ட் போடுகிறேன். கையில் கிடைத்த ஒரு பழைய செய்முறைக் குறிப்பில், பிரிண்டைக் கழுவிய பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்த கரைசலில் ஊறவைத்து ஹைப்போவை, அதாவது படத்தை நிலைநிறுத்தப் போடும் சோடியம் தயோசல்ஃபேட்டை, முழுக்க நீக்கச் சொல்லியிருக்கிறது. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்கிறார்கள். எது சரி? ஹைப்போ என்றாலே அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பயம்? இன்னொன்று, தாத்தா படத்தில் கறுப்பான இடங்களில் கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளிப் பளபளப்பு வந்திருக்கிறது, அதுவும் ஹைப்போவால்தானா?

வெள்ளித்துகள்:
பயத்துக்குக் காரணம் இருந்தது. ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்தார், 1839-இல் படத்தை நிலைநிறுத்த அதையே பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். ஆனால் 10, 15 வருஷத்துக்குள் பிரிண்டுகள் மஞ்சளாகி மங்க ஆரம்பித்துவிட்டன. காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த டால்பட் 1844 முதல் 1846 வரை தன் படங்களை ஒட்டி வெளியிட்ட புத்தகத்தின் பிரதிகளிலேயே பல படங்கள் வெளிறிப்போயின. விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 1855-இல் லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டி இதற்கென்றே ஒரு குழு அமைத்தது, இளவரசர் ஆல்பர்ட் 50 பவுண்டு கொடுத்தார். சரியாகக் கழுவாததால் தங்கிப்போன ஹைப்போதான் பெரும்பாலும் காரணம், ஈரமும் காற்றில் உள்ள கந்தகமும் கூட என்றது குழு. நன்றாகக் கழுவுங்கள், ஏதாவது ஒரு வடிவில் தங்கம் சேருங்கள், உலர்வாக வையுங்கள் என்பவை அவர்கள் சொன்ன யோசனைகள். இன்றைக்கும் அதில் தள்ள வேண்டியது எதுவும் இல்லை.

பழைய_நெகட்டிவ்:
அந்த பெராக்சைடு கரைசலை 1940-இல் கொண்டுவந்தவர்கள் கோடாக் ஆய்வாளர்கள். ஹைப்போ போகும், உண்மைதான். ஆனால் பெராக்சைடு வெள்ளியையே ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது. 1960-களில் மைக்ரோஃபிலிம் சுருள்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிய வந்தன, நன்றாகக் கழுவின ஃபிலிம்களிலும்தான். சுருளை வைத்திருந்த அட்டைப்பெட்டி பழசாக ஆக, அதிலிருந்து கிளம்பின பெராக்சைடுதான் முக்கியக் காரணம். தாத்தா படத்தின் பளபளப்பும் இதே கதைதான்: வெள்ளி அயனியாகி, ஈரத்தில் மெல்ல மேலே நகர்ந்து, மேற்பரப்பில் மறுபடி உலோகமாகப் படிகிறது. ஹைப்போவைக் குறை சொல்ல வேண்டாம், காற்றையும் ஈரத்தையும் படத்தை ஒட்டியிருக்கிற ஆல்பத்தையும் பாருங்கள்.

அதனால் அந்தக் கரைசலை விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஃபிக்ஸர், அதாவது படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல். களைத்துப்போன ஃபிக்ஸரில் உருவாகும் வெள்ளிக் கூட்டுப்பொருள் நீரில் கரையாது, எத்தனை மணி நேரம் கழுவினாலும் காகித நாரை விட்டு வராது, பிற்பாடு கறையாகும். இரண்டு தட்டுகளில் ஃபிக்ஸ் செய்யுங்கள், இரண்டாவது எப்போதும் புதிதாக இருக்கட்டும். அதிக நேரமும் போடாதீர்கள், நார் உறிஞ்சிக்கொள்ளும். கடல் நீரில் பிரிண்ட் சீக்கிரம் சுத்தமாகிறது என்று கவனித்ததிலிருந்துதான் கழுவுவதற்கு முன் சோடியம் சல்ஃபைட் (sulfite) கரைசலில் போடும் பழக்கமே வந்தது. அது போதும்.

இருட்டறை_மாணவன்:
ரொம்ப நன்றி. ஆனால் ஒரு குழப்பம். ஹைப்போவில் இருக்கும் கந்தகம்தான் மஞ்சளாக்குகிறது என்றால், கந்தகத்தால் படத்தைப் பழுப்பு நிறமாக்கும் செபியா டோனிங் மட்டும் எப்படிப் பாதுகாப்பு?

வெள்ளித்துகள்:
நல்ல கேள்வி. மிஞ்சின ஹைப்போ சிதையும்போது கந்தகம் அங்கங்கே, கொஞ்சம் கொஞ்சமாக, ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளியைத் தாக்குகிறது. பழைய பிரிண்டுகளில் வெள்ளித் துகள் மிக நுண்ணியது, அதனால் வெளிர் பகுதி முதலில் மஞ்சளாகிக் காணாமல் போகும். செபியாவில் நாமே முழுப் படத்தையும் ஒரே சீராக வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிடுகிறோம். அது வெள்ளியைப் போல எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகாது. செலினியம் டோனரும் நல்லதுதான், ஆனால் ரொம்ப நீர்த்த கரைசலில் கறுப்புப் பகுதி மட்டும் மாறும், வெளிர் பகுதி அப்படியே பாதுகாப்பில்லாமல் நிற்கும். எனக்குச் செபியாவுக்குப் போடும் சல்ஃபைடின் (sulfide) மீதுதான் நம்பிக்கை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பேப்பர் டப்பாவை அந்த அறையில் வைக்காதீர்கள், அந்த வாயுவே பேப்பரைக் கெடுத்துவிடும்.

பழைய_நெகட்டிவ்:
தாத்தா படத்துப் பளபளப்பைத் துணியால் தேய்க்க வேண்டாம், அதுவும் படத்தின் வெள்ளிதான். முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பசை தடவிய பக்கங்களில் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமா அது? சொன்னால், எப்படிப் பிரித்து எடுப்பது என்று எழுதுகிறேன். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள்.