மறுமொழி: 'ட்ரேஸபிலிட்டி'க்குத் 'தடமறிதன்மை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் பாகங்களின் 'ட்ரேஸபிலிட்டி'க்கு, அதாவது ஒரு பாகம் பிறந்த இடத்திலிருந்து இன்றுவரை வந்த வழியைத் தாள்களால் காட்ட முடிவதற்கு, 'தடமறிதன்மை' என்றே தமிழில் வைத்துவிடலாம் என்று நம் கலைச்சொல் குழுவின் ஐயா ஒருவர் நேற்றைய மடலில் எழுதியிருந்தார். உணவுத் துறைக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். விமானத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பராமரிப்புக் கூடத்தின் ஸ்டோர்ஸில், வந்திறங்கும் பாகங்களையும் கூடவரும் தாள்களையும் ஒத்துப்பார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தடம் அறிவது தேடுகிறவன் வேலை. களவுபோன மாட்டின் குளம்படியைப் பார்த்துக்கொண்டே போகிறோமே, அது. எங்கள் மேசையில் யாரும் எதையும் தேடிப் போவதில்லை. பாகம்தான் தன் பிறப்பை மெய்ப்பிக்கும் தாள்களோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இடமில்லை.

எஞ்சினுக்குள் அதிவேகமாகச் சுழலும் டர்பைன் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆயுள் வரம்பு உண்டு. பொதுவாக ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று என்று கணக்கு. வரம்பு 20,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அதை வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பதிவேடு காணாமல் போய்விட்டது. வட்டில் கீறல் இல்லை, துரு இல்லை. ஆனால் எத்தனை சுற்று ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. தாள் கிடைக்காவிட்டால் அந்த வட்டு பழைய இரும்புக்குச் சமம். உலோகம் கெடவில்லை, தொடர்ச்சிதான் அறுந்தது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்கிறார். அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் வழக்கறிஞர் வரிசையாக அடுக்கிப் பார்க்கிறார். ஒன்று குறைந்தாலும் வாங்காதே என்கிறார். ஆகவே என் பரிந்துரை மூலத்தொடர். 'மூலத்தொடர் உள்ள பாகம்', 'மூலத்தொடர் அறுந்த வட்டு', 'பிறப்புவரை மூலத்தொடர்' என்று எப்படி வளைத்தாலும் சொல் ஒடியவில்லை.

அடுத்தது 'போலிப் பாகம்'. ஒப்புதல் இல்லாத எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லில் அடைக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். 1989 செப்டம்பர் 8 அன்று ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் சென்ற நார்வே நாட்டு பார்ட்னேர் நிறுவனத்தின் விமானம் டென்மார்க் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வால் செங்குத்துத் தகட்டைப் பிணைத்த போல்ட்டுகளில் முறையான தயாரிப்பல்லாத, வலிமை குறைந்தவை இருந்தன. அவை போலி, ஐயமில்லை.

லண்டனில் இருந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற பாக விற்பனை நிறுவனம் விற்று, 2023இல் வெளிச்சத்துக்கு வந்த பாகங்கள் வேறு வகை. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 விமானங்களில் ஓடும் சிஎஃப்எம்56 எஞ்சினுக்கானவை அவை. புதியது என்ற தாளோடு வந்த பாகத்தில் தேய்மானத்தைக் கண்டது போர்ச்சுகலின் டாப் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு. பிறகு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, சான்றில் பெயர் போடப்பட்டிருந்த நிறுவனங்களைக் கேட்டபோது, உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொரு நேர்விலும் 'இந்தச் சான்றை நாங்கள் தரவில்லை' என்றே பதில் வந்தது. இங்கே பொய் முதலில் தாளில் இருக்கிறது. பாகம் அசல் நிறுவனம் செய்ததாகவே இருக்கலாம், பழையதாக இருக்கலாம், எங்கிருந்து வந்ததென்றே தெரியாமலும் இருக்கலாம். இதைப் பொய்ச்சான்றுப் பாகம் என்று தனியே பிரிக்க வேண்டும். தாளே இல்லாதது சான்றிலாப் பாகம். மூன்றுக்கும் பொதுப்பெயர் ஒப்புதலற்ற பாகம்.

சுந்தரர் வழக்கு நினைவுக்கு வருகிறது. 'நீ எனக்கு அடிமை' என்று ஒரு முதியவர் நீட்டிய ஆளோலையைச் (அடிமைப் பத்திரத்தை) சுந்தரர் கிழித்துவிட, 'கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது' என்றார் அவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. அந்த ஆளோலையை எழுதியதாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். சான்றைக் கொண்டுவந்தவனிடமே அதன் உண்மையைக் கேட்பதில் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'வெரிஃபிகேஷன்' என்பதற்கு வெறுமனே 'சரிபார்ப்பு' என்னாமல் மூல ஒப்பீடு என்று நான் கேட்பது இதனால்தான். சரிபார்ப்பு என்றால் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. ஏஓஜி டெக்னிக்ஸின் தாள்கள் பலருடைய மேசைகளைக் கடந்து போனதும் கட்டங்கள் நிரம்பியிருந்ததால்தான்.

பாகம் பொருத்தத் தக்கது என்று கையெழுத்திட்டுத் தரும் தாளான 'ரிலீஸ் சர்டிபிகேட்'டுக்குக் குழுவின் அம்மையார் ஒருவர் சொன்ன 'விடுவிப்புச் சான்று' எனக்கு ஒட்டவில்லை. கையெழுத்திடுபவர் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை, பொறுப்பை ஏற்கிறார். 'பறப்புத்தகுதிச் சான்று' முழு விமானத்துக்கு உரியது. 'பாகத் தகுதிச் சான்று' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் உடனே மாற்றிக்கொள்வேன்; 'போலி'யை மட்டும் பொதுப்பெயராக ஏற்க மாட்டேன்.