‘கூல்’ என்ற சொல்லுக்குத் தமிழ் வசனவரி: உதவி தேவை

வணக்கம். அமெரிக்கப் படங்களுக்குத் தமிழ் வசனவரி (சப்டைட்டில்) எழுதுவோருக்காக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. ‘கூல்’ வந்த இடத்தில் வேலை நிற்கிறது.

தட்பவெப்பத்தைக் குறிக்கும் ‘கூல்’ தொல்லை இல்லை. ‘கீப் கூல்’ என்றால் ‘பதறாதே’, முடிந்தது. ஆனால் ‘கூல் ரிசெப்ஷன்’ என்பதை ‘குளிர்ச்சியான வரவேற்பு’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். மனம் குளிர்ந்தது என்று மகிழ்ச்சியைச் சொல்கிறவர்கள் நாம். அங்கே அது முகம் கொடுக்காத, ஒப்புக்கான வரவேற்பு. ‘எ கூல் மில்லியன்’: முழுசாகப் பத்து லட்சம். ‘கூல் யுவர் ஹீல்ஸ்’: காத்துக் கிடப்பது. ‘கூலிங் ஆஃப் பீரியட்’: ஒப்பந்தம் போட்டபின் மனம் மாறினால் விலகிக்கொள்ளத் தரும் அவகாசம்.

தலைவலி பாராட்டுச் சொல்லில்தான். 1940களில் கறுப்பின ஜாஸ் கலைஞர்களிடையே பரவிய வழக்கு இது. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பெயரையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் காலக் கதையில் ‘கெத்து’, ‘மாஸ்’ ஒட்டாது, இரண்டும் சத்தமான சொற்கள். ‘அருமை’ என்றால் அலட்டிக்கொள்ளாத அந்தத் தோரணை போய்விடுகிறது. இதற்கு நடுவே நிற்கும் சொல் உண்டா?

இன்னொன்று: சண்டை ஓய்ந்ததும் வரும் ‘ஆர் வி கூல்?’. திரையில் ஒரு நொடிதான் நிற்கும், பதினைந்து எழுத்துக்கு மேல் கண் ஓடாது. ‘நமக்குள்ள ஒண்ணும் இல்லையே?’ நீளம், ‘சமாதானமா?’ சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது.

யார் யாரிடம் பேசும் வசனம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘டா’வா ‘ங்க’வா என்பது அதைப் பொறுத்துத்தான்.