30 × 7 = 210: கிளஸ்டர் ஆய்வில் நம்பக இடைவெளி எங்கே பிசகுகிறது? (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு தலைப்பும் பேசுபவரின் பொறுப்பு)

கள மேற்பார்வை

தடுப்பூசி எத்தனை சதவீதக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மதிப்பிட, 30 கிளஸ்டர் (ஊர் அல்லது ஊரின் ஒரு பகுதி), கிளஸ்டருக்கு 7 குழந்தை என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் பரப்பியது. 12 முதல் 23 மாதக் குழந்தைகள்தான் கணக்கு. இந்த 210 எப்படி வந்தது என்று பார்க்காமலே இரத்தசோகை, கழிப்பறை, புகையிலை என எல்லா ஆய்விலும் அதைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கிறோம். அதனால் முதலில் கணக்கு.

விகிதசமம் தெரியாதபோது 50% என்று வைப்போம்; அங்கேதான் மாறுபாடு உச்சம். பிழை ±10 புள்ளி, நம்பகம் 95% (இப்படிப் போடும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மை எண்ணை உள்ளடக்கும்; இதுதான் நம்பக இடைவெளி). 1.96² × 0.5 × 0.5 ÷ 0.1² = 96. ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரைப் போலவே ஒருவர் இருப்பார்கள் என்பதற்காக இரண்டால் பெருக்கு: 192. முப்பதால் வகுத்தால் 6.4. அதை 7 ஆக்கினால் 210.

ஆக 210 என்பது ±10க்கு மட்டுமே வாங்கிய சீட்டு. "கவரேஜ் 78லிருந்து 82 ஆகிவிட்டது" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ±5 வேண்டுமென்றால் 385, இரட்டித்து 770. பிழையைப் பாதியாக்கக் கூறு (ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள்) நான்கு மடங்காக வேண்டும். இதைத் திட்டம் போடும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். களத்துக்குப் போனபின் சொல்லிப் பயனில்லை.

தரவு மேசை

அதிகம் காணும் பிழை ஒன்று: 210 பேரைத் தேர்ந்தெடுத்தது கிளஸ்டர் முறையில், இடைவெளி போட்டது எளிய சமவாய்ப்புக் கூறுக்கான (ஊர் பார்க்காமல் மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுப்பதற்கான) சூத்திரத்தில். கிளஸ்டருக்கு 7 பேர் என்று சமமாக இருந்தால் சரியாகச் செய்வது கஷ்டமே இல்லை. எக்செலில் 30 வரிசை. ஒவ்வொரு கிளஸ்டரிலும் 7க்கு எத்தனை என்ற பின்னம். அந்த 30 பின்னங்களின் திட்டவிலக்கத்தை √30ஆல் வகுத்தால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்பதன் அளவு). 1.96க்குப் பதில் 2.045ஆல் பெருக்கு, 30 கிளஸ்டருக்குக் கட்டின்மை எண் (சுயேச்சையாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 29தான், 209 அல்ல.

உதாரணமாக, சராசரி 76%, 30 பின்னங்களின் திட்டவிலக்கம் 0.21. திட்டப்பிழை 0.0383, இடைவெளி ±7.8. இதையே எளிய சூத்திரத்தில் போட்டால் ±5.8 வரும். இரண்டு புள்ளி சும்மா காணாமல் போகிறது. இரண்டு திட்டப்பிழைகளின் விகிதத்தை வர்க்கித்தால் 1.69. அதுதான் வடிவமைப்பு விளைவு, அதாவது கிளஸ்டராக எடுத்ததால் மாறுபாடு எத்தனை மடங்கு கூடியது என்பது. அதை அறிக்கையில் எழுதி வையுங்கள். அடுத்த ஆய்வுக்கு "இரண்டால் பெருக்கு" என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

வாகனப் பொறுப்பு

30 ஊருக்கு வண்டி அனுப்பக் காசில்லை. 10 ஊர், ஊருக்கு 21 குழந்தை. அதுவும் 210தானே?

தரவு மேசை

இல்லை சார். வடிவமைப்பு விளைவு = 1 + (ஊருக்கு எத்தனை பேர் − 1) × உள்ளொற்றுமை (ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருக்கும் அளவு). 7 பேருக்கு 2 என்றால் உள்ளொற்றுமை 1/6. அதே ஒற்றுமையில் 21 பேருக்கு 1 + 20/6 = 4.33. 210ஐ 4.33ஆல் வகுத்தால் 48 குழந்தைகளைப் பார்த்ததற்குச் சமம். கட்டின்மை எண்ணும் 9க்கு இறங்கிவிடுவதால் பெருக்கி 2.262. 50% அருகே இடைவெளி ±16. 30 ஊரில் அதே கணக்கு ±10. ஊரைக் குறைக்காதீர்கள், குறைத்தே ஆகவேண்டுமென்றால் ஊருக்கான தலையைக் குறையுங்கள். 30 × 5 கூட 10 × 21ஐ விட மேல்.

இன்னொன்றும் இதே கூட்டங்களில் வரும்: "எங்கள் மாவட்டம் பெரியது, கூறும் பெரிதாக வேண்டும்." எளிய கூறில் ±5க்கு 385, முழுமைத்தொகுதி (ஆய்வு செய்யும் மொத்த மக்கள்) பத்து லட்சமானாலும் 385தான். 2,000 பேர் என்றால் 385 ÷ (1 + 384/2000) = 323. 500 பேர் என்றால் 218. தொகுதி சிறிதாக இருந்தால்தான் அதன் அளவு கூறைக் குறைக்க உதவும்.

கள மேற்பார்வை

கணக்கு இவ்வளவு. உண்மையில் ஆய்வு கெடுவது ஊருக்குள் நுழைந்தபின்.

ஊர் தேர்வு: மக்கள்தொகையோடு ஊர்ப் பட்டியல், பக்கத்தில் கூட்டுத்தொகை வரிசை. மொத்தம் 1,84,320 என்றால் முப்பதால் வகுக்க 6,144. 1க்கும் 6,144க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண், உதாரணமாக 2,717. பிறகு 8,861, 15,005 என்று கூட்டிக்கொண்டே போய், அந்த எண் எந்த ஊரின் கூட்டுத்தொகைக்குள் விழுகிறதோ அந்த ஊர். பெரிய ஊரில் இரண்டு எண் விழுந்தால் இரண்டு கிளஸ்டரையும் அங்கேயே எடுக்க வேண்டும். "ஒரே ஊர் ஏன் இரண்டு தடவை" என்று ஒன்றை அடுத்த ஊருக்குத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். அப்படித் தள்ளினால் பெரிய ஊர்க் குழந்தைகளின் எடை குறைந்துவிடும்.

வீட்டுத் தேர்வு: பழைய முறையில் ஊர் நடுவில் நின்று பாட்டிலைச் சுழற்றி, அது காட்டும் திசையில் ஊர் எல்லைவரை வீடுகளை எண்ணி, அதில் ஒன்றைச் சமவாய்ப்பாக எடுத்து, 7 நிறையும்வரை அடுத்தடுத்த வாசல். இதில் இரண்டு ஓட்டை. நடுவில் இருக்கும் வீடுகளுக்கு வாய்ப்பு அதிகம். நம் ஊர்களில் காலனி பெரும்பாலும் தள்ளித்தான் இருக்கிறது. தொடக்கப் புள்ளி கோயில் பக்கம் என்றால் காலனி வாசலை ஆய்வு மிதிக்கவே மிதிக்காது. இரண்டாவது, பூட்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது. தாய் வேலைக்குப் போயிருக்கும் வீடுதான் பூட்டியிருக்கும். ஊசி தவறியிருக்க வாய்ப்புள்ள குழந்தை அதிலும் இருக்கலாம். இப்படிச் சாய்ந்த மதிப்பீட்டைச் சுற்றி எவ்வளவு குறுகிய இடைவெளி போட்டாலும் அது தவறான இடத்தைச் சுற்றிய வேலிதான். திட்டப்பிழை சூத்திரத்துக்குள் பூட்டிய வீடு எங்கேயும் இல்லை.

உலக சுகாதார நிறுவனமே 2018 கையேட்டில் இந்த ஒதுக்கீட்டு முறையை விட்டு நிகழ்தகவுத் தேர்வுக்கு வந்துவிட்டது. செய்ய வேண்டியது: முதல் நாள் கிளஸ்டரின் எல்லா வீட்டையும் எண் போட்டுப் பட்டியலிடு, காலனி, தோட்டத்து வீடு, செங்கல் சூளைக் குடிசை உட்பட. பிறகு அலுவலகத்தில் வைத்து வீடுகளைத் தேர்ந்தெடு. மாற்று வீடு கிடையாது. மாலையிலும் மறுநாளும் திரும்பப் போ. தேசியக் குடும்பநல ஆய்விலும் (2019-21) வீட்டுப் பட்டியல் எடுத்து, கிளஸ்டருக்கு 22 வீடு முன்பே தேர்ந்துகொண்டுதான் களம் இறங்கினார்கள். 85% பதில் கிடைக்கும் என்று நினைத்தால் 385ஐ 0.85ஆல் வகுத்து 453 எடுத்துக்கொள்ளுங்கள். அது எண்ணிக்கையை மட்டும் ஈடுகட்டும், சாய்வை அல்ல.

ஆய்வுக்கூடம்

சராசரிக்கும் ஒரு குறிப்பு. ஹீமோகுளோபின் சராசரியை ±0.2 கிராமுக்குள் மதிப்பிட வேண்டும், திட்டவிலக்கம் 1.5 என்றால் (1.96 × 1.5 ÷ 0.2)² = 216.1, மேலே ஏற்றி 217. சிக்கல் அந்த 1.5இல்தான். பத்துப் பேரை முன்னோட்டமாக அளந்து 1.5 வந்தால், அதன் சொந்த 95% இடைவெளி 1.03 முதல் 2.74 வரை. உண்மை 1.8 ஆக இருந்தாலே தேவை 312. முன்னோட்டம் முப்பது பேரிடமாவது எடுங்கள், அப்போதும் 1.19 முதல் 2.02 வரைதான் சுருங்கும். ஆகவே மேல்பக்கத்து எண்ணை வைத்தே திட்டமிடுங்கள்.

விரல் நுனியைப் பிதுக்கி எடுத்த துளியில் திசுநீர் கலந்துவிடும், அளவு குறைத்துக் காட்டலாம். எல்லாக் குழுவும் அப்படியே செய்தால் சராசரி மொத்தமாக நகரும். இடைவெளியின் அகலம் அதைக் காட்டிக்கொடுக்காது.

அறுவடைச் சோதனை

வயலிலும் இதே நோய்தான். நெல்லுக்கு 5 மீ × 5 மீ துண்டு; கிடைத்த கிலோவை 400ஆல் பெருக்கினால் எக்டருக்கு. 11.2 கிலோ என்றால் 4,480. கயிற்றின்மேல் நிற்கும் நெற்குத்தை உள்ளே தள்ளினாலும் அந்தப் பிசகும் 400 மடங்கு. துண்டு சிறிதானால் பரப்பைவிட ஓரத்தின் பங்கு கூடும். அதனால் சிறு துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்துவதை 1940களில் இந்தியப் புள்ளியியலாளர் சுகாத்மேயின் சோதனைகள் காட்டின. நல்ல கதிராகப் பார்த்துக் கயிறு பிடிக்கிறார்கள் என்றால் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. மூலையிலிருந்து எத்தனை அடி என்ற சமவாய்ப்பு எண்களை வயலுக்குப் போகுமுன்பே எழுதி எடுத்துப் போங்கள்.

தரவு மேசை

விளிம்பு எண்களுக்கு எளிய சூத்திரத்தை நம்பாதீர்கள். எளிய கூறாக எடுத்த 30 குழந்தைகளில் 29 பேருக்கு ஊசி என்றால் அது 90.2 முதல் 103.1 என்று தரும். 103% என்று ஒன்று இல்லை. 1927இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்சன் தந்த சூத்திரத்தில் 83.3 முதல் 99.4. அறுபதில் ஒன்றுகூட இல்லை என்றால் "0%" என்று எழுதாமல், 3ஐப் பார்த்த எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதிப்படி 3 ÷ 60, அதாவது 5% வரை இருக்கலாம் என்று எழுதுங்கள்.

இரண்டு வட்டாரங்களின் இடைவெளி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வேறுபாடு இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. எளிய கூறாக 210 பேர் வீதம் 72%, 82%. இடைவெளிகள் 65.9–78.1, 76.8–87.2, மேலே விழுகின்றன. ஆனால் வேறுபாட்டுக்கே இடைவெளி போட்டால் 10 ± 8, சுழியைத் தொடவில்லை. கிளஸ்டர் கூறில் இந்த 8ஐ வடிவமைப்பு விளைவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 1.69 என்றால் 1.3. 10.4 ஆகிவிடும், சுழி உள்ளே வந்துவிடும்.