அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு – கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க கால் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியை மட்டும் மாற்றும் ஆபரேஷன் முடிந்தது. மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்க வைத்தார்கள். இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "மூணு மாசம் அசையவே கூடாது" என்கிறார்கள். அம்மாவும் பயந்துபோய் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறாங்க. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, காலில் ரத்த உறைவு எல்லாம் வரலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கே வந்து பொறுமையாக நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? பெண்ணாக இருந்தால் அம்மா கூச்சப்படமாட்டாங்க.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. வழவழப்பான சிவப்புத் தரை, உயரமான நிலைப்படி, கொல்லையில் இந்தியன் டாய்லெட். இனி தாழ்வாக உட்காரவோ சம்மணம் போடவோ கூடாதாம். உயரமான கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா? சுவரில் கைப்பிடி பொருத்தியவர்கள் எந்த உயரத்தில் வைத்தீர்கள்?

இன்னொரு எலும்பு முறியாமல் இருக்க, வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற எலும்பு மருந்தைப் போடலாம் என்கிறார் டாக்டர். அதற்குமுன் கிட்னி, கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டுமாம். போட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு காய்ச்சல், உடம்புவலி எப்படி இருந்தது? டாக்டரிடம் கேட்டுத்தான் செய்வோம். உங்கள் அனுபவம் தெரிந்தால் அம்மாவுக்குத் தைரியம் சொல்ல முடியும். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் வாங்க.